ஷிஃப்ட் போட்டுக் கடல் பார்த்த கதை

காலியாக ஓடும் வண்டியைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அது யாருடைய வண்டியாக இருந்தாலும் சரி. பத்தே பேரோடு கிளம்புகிற டவுன் பஸ்ஸைப் பார்த்தால்கூட, இந்த டிரைவர் இன்னும் அஞ்சு நிமிஷம் பொறுத்தால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றும். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. டாக்டரிடம் சொல்கிற மாதிரிதான் சொல்கிறேன்.

நோய்க்குக் காரணம் பிறந்த வீடு. நாமக்கல்லில் எங்கள் அப்பாவுக்கு இரண்டு லாரிகள். சாப்பாட்டு நேரத்தில் மற்ற வீடுகளில் என்ன பேசுவார்களோ தெரியாது, எங்கள் வீட்டில் ரிட்டர்ன் லோடு பற்றித்தான் பேசுவோம். லோடு இறக்கிய லாரி காலியாகத் திரும்பக் கூடாது. நாலு நாள் அங்கேயே படுத்துக் கிடந்தாலும் எதையாவது ஏற்றிக்கொண்டுதான் வரவேண்டும். ஒருமுறை குஜராத்திலிருந்து ஒரு லாரி காலியாக வந்துவிட்டது. அன்றைக்கு எங்கள் வீட்டில் எழவு விழுந்த மாதிரி இருந்தது. அம்மா குழம்புக்கு உப்புப் போட மறந்துபோனாள்.

இப்படி வளர்ந்த என்னைச் சேலம் சூரமங்கலத்தில், ஒரு ரயில்வே குடும்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள். மாமனார் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். என் வீட்டுக்காரர் ரகு, அஸ்தம்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். இவர்கள் ரயில்வே இலவச பாஸில் ஊர் ஊராகச் சுற்றியவர்கள். பிரயாணம் என்றால் ஜன்னலோர சீட்டு, கையில் ஒரு வடை, மடியில் ஒன்றும் கிடையாது. அந்த மாதிரி மனிதர் என்னிடம் வந்து மாட்டிக்கொண்டார். மாடிக்குப் போகிறவர் கையில் துணி வாளி இருக்கும். கீழே இறங்குகிறவர் கையில் நேற்றுக் காய்ந்த துணி இருக்கும். பல் தேய்க்கப் பின்பக்கம் போனால்கூட, "போறதுதான் போறீங்க, இந்தக் குப்பைக் கூடையையும் கொண்டுபோய்டுங்க" என்பேன். இரண்டு வருஷம் அந்த மனிதர் வாய் திறக்காமல் தூக்கினார்.

அவர் என்னிடம் ஆசையாகக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நான் கடலைப் பார்த்ததே இல்லை என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். (என்னைப் பொறுத்தவரை கடல் என்பது லாரி போகாத இடம், அவ்வளவுதான்.) அவருக்கு அது தாங்கவில்லை.

"இந்த மே லீவுல போறோம் பூங்கொடி. நீயும் நானும் மட்டும். கடல்ல முழங்கால் தண்ணியில ரெண்டு பேரும் சேர்ந்து நிக்கணும். கையில எதுவும் இருக்கக் கூடாது."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு ஏக்கம் தெரிந்தது. எனக்கே கொஞ்சம் சங்கடமாகப் போய்விட்டது. சரி என்று தலையாட்டினேன்.

உடனே ஒரு நோட்டை எடுத்துத் திட்டம் போட்டார். ரயில்வே ரத்தம் அல்லவா, அது கால அட்டவணையாகவே வந்தது. நாமக்கல் புறப்பாடு 5.00, திருச்சி வருகை 6.45, புறப்பாடு 6.55, தஞ்சாவூர், நாகப்பட்டினம், அங்கிருந்து கடலோரமாகவே வடக்கே தரங்கம்பாடி, பூம்புகார், பிச்சாவரம், பாண்டிச்சேரி, அப்புறம் ஆத்தூர் வழியாகச் சேலம். மூன்று நாள். செலவு என் இலாகா. புளிச்சோறு கட்டிக்கொள்வது, ஏசி இல்லாத ரூம் எடுப்பது, ரோட்டோரத்தில் இளநீர் குடிக்கக் கூடாது (பாட்டிலில் மோர் இருக்கிறது) என்று சட்டம் இயற்றினேன். காரில் ஏசி போடுவது என்ற பேச்சே எழவில்லை. நாங்கள் வாங்கியிருந்தது பழைய சின்னக் கார். ஏசி போட்டால் பெட்ரோல் குடிக்கும் என்பதால், வாங்கிய வாரமே அவரிடம், "ஏசியில கேஸ் இல்லீங்களாமா. ரிப்பேர் பண்றது தண்டச் செலவு" என்று சொல்லி வைத்திருந்தேன். கணக்கு வாத்தியார் அதை நம்பி எட்டு மாதமாக வேர்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலமே நாமக்கல்லில் அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கேதான் சித்தப்பா வந்தார். ஊருக்கு வெளியே கோழிக்குஞ்சு பொரிக்கும் ஹேச்சரி வைத்திருக்கிறார். வந்தவர் காபியை ஆற்றிக்கொண்டே, "சாமி, தரங்கம்பாடி வழியாவா போறீங்க? அக்கட்ட ஒருத்தரு நாட்டுக்கோழிக் குஞ்சு முந்நூறு கேட்டுட்டே இருக்கறாரு. அத்தனை தூரத்துக்கு முந்நூறுக்குன்னு தனி வண்டி அனுப்பக் கட்டுபடியாகுதா சொல்லு?" என்றார்.

அவர் என்னைக் கேட்கவே இல்லை. தன் கஷ்டத்தைச் சொன்னார். ஆனால் என் கண் முன்னால் எங்கள் காரின் பின் சீட்டு வந்து நின்றது. நாமக்கல்லிலிருந்து தரங்கம்பாடி வரைக்கும் ஆள் இல்லாமல், பொருள் இல்லாமல், வெறும் காற்றைச் சுமந்துகொண்டு போகப்போகிற பின் சீட்டு.

"நாங்க கொண்டு போறோமுங்க சித்தப்பா" என்றேன். சித்தப்பா தருகிற வாடகை போக வர பெட்ரோலுக்கு ஆச்சு என்று மனசு துள்ளியது.

வீட்டுக்காரருக்கு விஷயம் விடிகாலை நாலே முக்காலுக்குத்தான் தெரிந்தது. ஓட்டை போட்ட அட்டைப் பெட்டிகள் மூன்றைச் சித்தப்பா பின் சீட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து முந்நூறு குரலில் கீச் கீச் என்று சத்தம். அட்டவணையைக் கையில் பிடித்தபடி அவர் அப்படியே நின்றார்.

"என்ன பூங்கொடி இது?"

"சும்மா போற வண்டிதானுங்களே. பதினோரு மணிக்குக் கொடுத்துப்போட்டா வேலை முடிஞ்சுது. அப்புறம் நம்ம கடலை யாரு தடுக்கறாங்க?"

சித்தப்பாவும் சேர்ந்துகொண்டார். "ஒண்ணும் பயமில்லீங்க மாப்பிள்ளை. நேத்துப் பொரிச்ச குஞ்சு. ரெண்டு நாளைக்குத் தீனி கேக்காது, தண்ணி கேக்காது. சூடு மட்டும் ஆகாதுங்க. ஏசியைப் போட்டுடுங்க, ஜில்லுனு இல்லாம அளவா."

வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் நான் கையை நீட்டி ஏசியைப் போட்டேன். அது குளுகுளுவென்று வேலை செய்தது.

கோழிக்குஞ்சுகள்கூடக் கத்துவதை நிறுத்தின மாதிரி இருந்தது. அவர் ஏசியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி ஏசியைப் பார்த்தார்.

"கேஸ் இல்லைன்னு சொன்னியே?"

"கொஞ்சம் மிச்சம் இருந்திருக்குமாட்ட இருக்குதுங்க" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தார். அதுதான் எனக்கு அதிகம் சுட்டது.

தொட்டியம், முசிறி என்று காவிரிக் கரையோரமாக வண்டி போனது. ஏசியை யாருக்காகப் போட்டோமோ அவர்கள் விருப்பப்படிதான் அது ஓடியது. குளிர் அதிகமானால் குஞ்சுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி அலறும். சூடானால் வாயைப் பிளந்துகொண்டு மூச்சு வாங்கும். நான் திரும்பி உட்கார்ந்து பெட்டி ஓட்டை வழியாகப் பார்த்துப் பார்த்து உத்தரவு போட்டேன். "கூட்டுங்க... போதும்... குறைங்க." அவருக்கு வேர்க்கிறதா என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. திருச்சியில் அட்டவணைப்படி டீ குடிக்க நிறுத்தினார். வண்டியை அணைத்தால் சூடாகிவிடும் என்பதால் நான் இறங்கவில்லை. தஞ்சாவூரில் அவரே நிறுத்தவில்லை.

நாகப்பட்டினத்தில் முதல் கடல் என்று நோட்டில் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தார். அரை மணி நேரம் ஒதுக்கீடு. வெயில் பத்து மணிக்கே மண்டையைப் பிளந்தது. "லோடை இறக்கிட்டு நிம்மதியாப் பாக்கலாமுங்க" என்று சொல்லி வண்டியைத் தரங்கம்பாடிக்கு ஓட்ட வைத்தேன். நோட்டை மூடி டேஷ்போர்டுக்குள் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அது வெளியே வரவில்லை.

பதினொன்றரைக்குத் தரங்கம்பாடி. குஞ்சு கேட்டவருக்குப் போன் போட்டேன். மறுமுனையில் பறைச் சத்தம்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. எங்க பெரியப்பா விடியகாலம் தவறிட்டாரு. நான் சிதம்பரத்துல நிக்கிறேன். நாளைக்குக் காலையில எட்டு மணிக்கெல்லாம் வந்து எடுத்துக்குறேன்க்கா. ஒரு நாள் வச்சிருங்க."

சாவு வீட்டில் நிற்கிற மனிதரிடம் என்ன சண்டை போடுவது? "பரவால்லீங்க, நீங்க காரியத்தைப் பாருங்க" என்று போனை வைத்தேன். வைத்த பிறகுதான், வெளியே நாற்பதை நெருங்குகிற வெயிலும் பின் சீட்டில் முந்நூறு உயிரும் என் மண்டையில் உறைத்தன. வண்டியை அணைத்துவிட்டு இறங்கினால் கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். இறங்காமல் இருந்தால், இதோ அந்த ஊர்ப் பழைய கோட்டைக்குப் பின்னால் அலைச் சத்தம் கேட்கிற கடலைப் பார்க்க முடியாது.

அவர்தான் வழி சொன்னார். "ஒருத்தர் வண்டியில உட்கார்ந்துக்கலாம். ஒருத்தர் போய்ப் பார்த்துட்டு வரலாம். நீ முதல்ல போ. நீதான் பார்த்ததே இல்லை."

வாழ்க்கையில் முதன்முதலாகக் கடலைப் பார்க்கத் தனியாகப் போனேன். மணல் செருப்பைத் தாண்டிச் சுட்டது. ஒரே பாய்ச்சலில் தண்ணீர் விளிம்புக்கு ஓடி நின்று நிமிர்ந்து பார்த்தேன். இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. வாய் பிளந்து நின்றேன். பக்கத்தில் திரும்பி ஏதோ சொல்லப் போனேன். பக்கத்தில் ஒரு ஐஸ் வண்டிக்காரர்தான் நின்றார். "ஐஸ் வேணுமாம்மா?" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நானே ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, ஏசியை அவர் அதிகமாக வைத்துவிட்டாரோ என்ற கவலையில் ஐந்தே நிமிஷத்தில் திரும்பிவிட்டேன்.

பிறகு அவர் போனார். பத்து நிமிஷத்தில் வந்தார். "நல்லாருந்துதுங்களா?" என்றேன். "இருந்துச்சு" என்றார்.

லாட்ஜில் ஏசி இல்லாத ரூம் பதிவு செய்திருந்தோம். கவுண்டரில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா மூக்குக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். அவர்தான் முதலாளி. "ஏசி ரூமே கொடுத்துடுங்க" என்று நானே வாய் திறந்து கேட்டேன். வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் எட்டு மாத வேர்வை இருந்தது.

பெட்டிகள் மேல் போர்வையைப் போர்த்தி, துணிமணி போல உள்ளே கடத்துவது என் யோசனை. இரண்டு பெட்டி போய்விட்டது. மூன்றாவதை அவர் கவுண்டரைத் தாண்டித் தூக்கிக்கொண்டு போகும்போது, உள்ளே இருந்தவர்கள் ஒருமித்த குரலில் கத்தினார்கள்.

"என்ன தம்பி சத்தம்?" என்றார் அந்த அம்மா.

"என் போன்தாங்க. ரிங்டோன்" என்றார் இவர்.

"அப்ப எடுத்துப் பேசுங்க."

இரண்டு கையிலும் பெட்டி. போன் எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. பெட்டியைப் பார்த்து, "ஹலோ, அப்புறம் கூப்பிடறேன்" என்றார். (கணக்கு வாத்தியார்கள் பொய் சொல்லும் லட்சணம் இது.) அந்த அம்மா கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி எங்களைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் கணக்கு நோட்டைப் புரட்டத் தொடங்கினார்.

நான் குளிக்கப் போனேன். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. வெளியே, "ஐயோ, ஐயோ" என்று சத்தம். ஈரத் தலையோடு ஓடிவந்து பார்த்தால், ரூம் முழுக்க மஞ்சளும் பழுப்புமாக உருண்டுகொண்டிருக்கிறது. என் வீட்டுக்காரர் கட்டிலுக்கு அடியில் பாதி உடம்பை விட்டுக்கொண்டு கிடக்கிறார்.

"என்னங்க பண்ணுனீங்க?"

கட்டிலுக்கு அடியிலிருந்து பதில் வந்தது. "பாவமா இருந்துச்சு. சோப்பு டப்பாவுல கொஞ்சம் தண்ணி வெச்சேன்."

இரண்டு நாளைக்குத் தண்ணீர் வேண்டாம் என்று சித்தப்பா சொன்னது அவர் மனசில் ஏறவே இல்லை. தாகமாக இருக்குமே என்று ஒரு பெட்டியைத் திறந்திருக்கிறார். நூறும் அவர் தோள் மேல் ஏறி வெளியே வந்துவிட்டன. இரண்டு பேரும் மண்டி போட்டுப் பிடித்தோம். அவர் எண்ணினார், தொண்ணூற்றேழு. மறுபடி எண்ணினார், நூற்றொன்று. நான் எண்ணினேன், தொண்ணூற்றொன்பது. சித்தப்பா நூற்றுக்கு இரண்டு கூடப் போடுவார் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அப்படியானால் நூற்றிரண்டு இருக்க வேண்டும். மீதி எங்கே என்று நாங்கள் விழிக்கும்போது கதவு தட்டப்பட்டது. திறந்தால் லாட்ஜ் அம்மா. அவர் உள்ளங்கையில் ஒரு குஞ்சு.

"ஏம்மா, உங்க ரிங்டோனு மாடிப்படியில நடந்து போவுது."

உள்ளதைச் சொல்லி, காலையில் எடுத்துக்கொண்டு போய்விடுவோம் என்று கெஞ்சினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வாயில்லா சீவனைத் தெருவுல விடச் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு. ரெண்டு பேருல ஒருத்தர் எந்நேரமும் ரூமுக்குள்ள இருக்கணும். பூட்டிட்டு ரெண்டு பேரும் வெளியில கிளம்புனீங்க, அப்புறம் நான் பொல்லாதவளா ஆயிடுவேன். ஆமா, கடல் பாக்கவா வந்தீங்க?"

"ஆமாங்க."

"ஷிஃப்ட் போட்டுப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

அப்படியேதான் நடந்தது. சாயங்காலக் கடல் அவர் ஷிஃப்ட். காலைச் சூரியோதயம் என் ஷிஃப்ட். அவர் தனியாக நின்று ஒரு போட்டோ, நான் தனியாக நின்று ஒரு போட்டோ. சூரியன் தண்ணீரிலிருந்து ஆரஞ்சுப் பழம் மாதிரி எழும்பி வந்தபோது மறுபடி பக்கத்தில் திரும்பினேன். இந்த முறை ஐஸ்காரர்கூட இல்லை. அப்போதுதான் ரூமில் குஞ்சுகளுக்குக் காவல் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரரை நினைத்தேன். இந்த மனிதர் என்னிடம் கேட்டது இவ்வளவுதானே, இதைக்கூட நான் லோடுக்கு வாடகைக்கு விட்டுவிட்டேனே என்று இருந்தது. இன்றைக்காவது இவரைச் சந்தோஷமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று சத்தியம் செய்துகொண்டு ரூமுக்கு வந்தேன்.

சத்தியம் இரண்டு மணி நேரம் தாங்கியது.

எட்டு மணிக்குக் குஞ்சு கேட்ட மனிதர் தன் மூன்று சக்கர லோடு வண்டியில் வந்துவிட்டார். துக்க வீட்டிலிருந்து நேராக வந்தவர், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பெட்டிகளை ஏற்றினார். ஒரு உயிர் சேதமில்லை. எனக்கும் குஞ்சு வாங்கியவருக்கும் ஏகப்பட்ட மகிழ்ச்சி. வீட்டுக்காரர் எங்கள் இரண்டு பேர் போனையும் காரில் சார்ஜ் போட்டுவிட்டு, பேன்ட்டை முழங்கால் வரை மடித்து விட்டுக்கொண்டு தயாராக நின்றார். அந்த நேரம் பார்த்துத்தான் அந்த நல்ல மனிதர் கேட்டார்.

"அக்கா, வண்டி நாமக்கல்லுக்குக் காலியாத்தான திரும்புது? அங்க சந்தையில எங்க மச்சான் கருவாட்டுக் கடை வச்சிருக்காரு. நெத்திலி மூட்டை கொஞ்சம் போட்டு விடட்டுமா?"

நான் யோசித்துப் பேசியிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் வாய் யோசிப்பதற்கு முன்பே திறந்துவிட்டது.

"எத்தனை மூட்டைங்க?"

பக்கத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம். கார் பூட்டிக்கொண்டது. வீட்டுக்காரர் சாவியைச் சட்டைப் பையில் போட்டார்.

"பூங்கொடி, ரெண்டு வருஷமா நீ கொடுக்கறதை எல்லாம் தூக்கறேன். ஒரு நாளும் கனமா தெரிஞ்சதில்லை. இன்னைக்குக் கனமா இருக்கு." குரல் உயரவில்லை. "நீ மூட்டையை ஏத்து. நான் கடலுக்குப் போறேன். இது என் ஷிஃப்டுன்னு வெச்சுக்கோ."

திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் பதிலுக்கு நாலு பேச்சுப் பேசியிருப்பேன், எனக்கு அது நன்றாக வரும். கண்ணில் தண்ணீர் முட்டியது. கருவாட்டு மனிதர் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, மூட்டை..."

"வேண்டாமுங்க. வண்டி காலியாவே போகட்டும்" என்றேன். என் பரம்பரையில் யாரும் சொல்லாத வார்த்தை அது. சொல்லிவிட்டு ஓடினேன்.

அவர் அதற்குள் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். நான் சேலையைத் தூக்கிச் செருகக்கூட நேரமில்லாமல் தண்ணீருக்குள் போய்ப் பக்கத்தில் நின்றேன். என் கையைப் பார்த்தார், வெறும் கை. "மூட்டை?" என்றார்.

"வேண்டாம்னு சொல்லிப்போட்டேனுங்க. ஏனுங்க, ஏசி எப்பவுமே நல்லாத்தான் ஓடுச்சு. நான்தான் பொய் சொன்னேன்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் வந்த அலையைக் கவனிக்கவில்லை. அது எங்களைக் குப்புறத் தள்ளி, உருட்டி, வாய் நிறைய உப்புத் தண்ணீரைக் கொடுத்துக் கரையில் வீசியது. எழுந்து மணலைத் துப்பியபடி அவர் சட்டைப் பையைத் தொட்டார்.

சாவி இல்லை.

தேடாத இடமில்லை. வங்காள விரிகுடாவில் கார் சாவியைத் தேடுவது எவ்வளவு புத்திசாலித்தனமான காரியம் என்பது உங்களுக்கே தெரியும். மாற்றுச் சாவி சூரமங்கலத்தில் பீரோவுக்குள். போன் இரண்டும் பூட்டிய காருக்குள் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. லாட்ஜ் அம்மாவின் போனில், வீட்டுக்காரர் தனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பருக்கு, என் மாமனாருக்கு, போன் போட்டார். ராத்திரி ரயிலைப் பிடித்துக் காலையில் வருவதாக மாமா சொன்னார். (முப்பது வருஷம் ரயிலில் ஓடியவர். எந்த ரயில், எங்கே மாறுவது என்று கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிட்டார்.)

அதுவரை செய்ய ஒன்றும் இல்லை. வண்டி இல்லை, போன் இல்லை, அட்டவணை இல்லை, தூக்கிக்கொண்டு போக ஒரு துரும்புகூட இல்லை. அந்த ஒரு பகல் முழுக்கக் கடற்கரையிலேயே கிடந்தோம். வெயில் ஏறினால் கோட்டை மதில் நிழல், தாழ்ந்தால் தண்ணீர். பேசினோம். பேசாமலும் இருந்தோம். இரண்டு வருஷத்தில் அவர் அத்தனை பேசி நான் கேட்டதில்லை. சின்ன வயதில் அப்பாவோடு கார்டு வேனில் போனதைச் சொன்னார், படிக்க ஆசைப்பட்டு விட்டுப்போன படிப்பைச் சொன்னார். என் கை இரண்டும் சும்மா மடியில் கிடந்தன. முதலில் ஒரு மாதிரியாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. அதைப் போல ஒரு நாள் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் வாய்க்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு மாமா வந்தார். நாங்கள் குளித்துவிட்டு வருவதற்குள் கவுண்டரில் லாட்ஜ் அம்மா ஆதியோடந்தமாகச் சொல்லி முடித்திருந்தார். நான் கீழே வந்தபோது மாமா படிக்கட்டில் உட்கார்ந்து, தோள் துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு குலுங்கினார். கல்யாணமான நாளிலிருந்து என் எதிரில் அந்த மனிதர் பல்லைக் காட்டிச் சிரித்ததே கிடையாது.

"அம்மா பூங்கொடி, முப்பது வருஷ சர்வீஸ்ல எத்தனையோ டூட்டி சார்ட் பார்த்திருக்கேன். கடல் பார்க்க டூட்டி போட்ட ஜோடியை இப்பதாம்மா பார்க்கறேன்."

பாண்டிச்சேரியும் பிச்சாவரமும் அத்தோடு போயின. மூன்று பேரும் நேராகச் சேலம் திரும்பினோம். பின் சீட்டில் கோழி வாடையோடு மாமா உட்கார்ந்து வந்தார். ஏசி வழிநெடுக ஓடியது.

விஷயம் எங்களுக்கு முன்பே ஊருக்குப் போய்விட்டது. போதாக்குறைக்கு என் நாத்தனார் போனை வாங்கிப் படங்களைப் பார்த்தாள். நான் தனியாக, அவர் தனியாக, மறுபடி அவர் தனியாக, நான் தனியாக. சேர்ந்து நிற்கிற படம் ஒன்றுகூட இல்லை. அதோடு முத்திரை விழுந்துவிட்டது. இன்றைக்கு வரைக்கும் நாங்கள் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், "மாப்பிள்ளை இப்ப டூட்டியா, ரெஸ்ட்டா?" என்று ஒருவர் கேட்பார். சினிமாவுக்குக் கிளம்பினால், "இடைவேளைக்கு முன்னாடி யாரு, பின்னாடி யாரு?" என்று நாத்தனார் கேட்பாள். என் சித்தப்பா தன் பங்குக்கு, "ஏஞ்சாமி, கடலு எந்த ஷிஃப்ட்ல நல்லாருக்குது?" என்பார்.

ஆரம்பத்தில் எனக்குப் பொத்துக்கொண்டு வரும். போன தை மாதம் திருச்செங்கோட்டில் ஒரு கல்யாணப் பந்தியில் இதே பேச்சு வந்தபோது பொறுக்க முடியாமல், "அதெல்லாம் இல்லீங்க. ஒரு நாள் முழுக்க நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் இருந்தோம்" என்று சொல்லிவிட்டேன். பந்தியே நிமிர்ந்து பார்த்தது.

"அப்படியா? போட்டோவைக் காட்டு, பாக்கலாம்" என்றாள் நாத்தனார்.

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். நீங்களாவது சொல்லுங்களேன் என்று கண்ணைக் காட்டினேன். அவர் ரசத்தைப் பிசைந்தபடி, நிதானமாகச் சொன்னார்.

"இல்லைங்க, அவ சும்மா சொல்றா. தனித்தனியாத்தான் பார்த்தோம்."

பந்தி சிரித்து அடங்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. எனக்கு முகம் சிவந்துவிட்டது. இவருக்கு என்ன கேடு வந்தது என்று திரும்பினேன். அவர் இலையைப் பார்த்தபடியே, பாய்க்கு மேல் இருந்த என் இடது கையைத் தன் இடது கையால் ஒருமுறை அழுத்திவிட்டு விட்டார்.

எனக்குப் புரிய ஒரு பாயசம் பரிமாறுகிற நேரம் பிடித்தது. அந்த ஒரு நாளை இத்தனை பேருக்கு நடுவில் இலையில் வைக்க அவருக்கு மனசில்லை.

"ஆமாங்க" என்று நானும் சத்தமாகச் சொன்னேன். "காலையில நானு, சாயங்காலம் அவரு."